திரையின் ஓரத்தில் என் கை

நான் இருக்கும் ஜெர்மன் ஊரில், மாதத்தில் ஒரு நாள் ஜனங்கள் நல்ல நல்ல சாமான்களைத் தெருவில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நாற்காலி, மெத்தை, சைக்கிள், ஓடுகிற டி.வி. எல்லாம் நடைபாதையில் கிடக்கும். இதற்கு ‘ஷ்பெர்முல்’ என்று பெயர். மறுநாள் லாரி வந்து அள்ளிப் போவதற்குள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஓட்டை வாளியில்கூட மண்ணைப் போட்டுச் செடி வைக்கிற ஊரிலிருந்து வந்தவள் நான். முதல் வருஷம் முழுக்க அந்த நாளில் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். அப்புறம் ஒரு ஷ்பெர்முல் காலையில், யாரோ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் மானிட்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். கீழ்வீட்டுக் கிழவர் ப்ரவுன் படியில் நின்று, “கபுட்?” என்றார். கெட்டுப்போனதா என்று அர்த்தம். வீட்டில் கெட்டுப்போய்க் கிடக்கும் என் லேப்டாப்பைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “யா, யா, கபுட்” என்றேன். கெட்டுப்போன மானிட்டரைக்கூட விடாமல் சுமந்துபோகிறாளே என்று மனுஷர் உருகிவிட்டார். மறுநாள் எங்கள் வாசலில் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு வாணலியும் ஒரு மேசை விளக்கும் இருந்தன.

பழைய லேப்டாப் அது. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸின் கணவர் மலிவாகத் தள்ளிவிட்டது. வாங்கிய குளிர்காலத்திலேயே திரை இருண்டது. பழுது பார்க்கும் கூலிக்கு இன்னொன்றே வாங்கிவிடலாம் என்ற கடைக்காரன், பின்பக்கத் துளையில் வெளி மானிட்டரைச் சொருகிக்கொள்ளலாம் என்று வழியும் சொன்னான். அப்படித்தான் தெரு மானிட்டர் வீட்டுக்கு வந்தது. பிறகு பாதி எழுத்துகள் அழுந்தாமல் போக, வெளி கீபோர்டு வந்தது. உள்ளே இருந்த மோடம் செத்ததும், விளக்கு மின்னும் ஒரு வெளி மோடம் வந்தது. மடியில் வைத்துக்கொள்வதற்கென்று பிறந்த சாமான், சாப்பாட்டு மேசை முழுக்கப் பரந்து உட்கார்ந்துகொண்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். கடைசியில் சத்தமும் நின்றது. அதற்கு மட்டும் நான் எதையும் வாங்கிப் பொருத்தவில்லை. அந்தக் கம்ப்யூட்டரை நான் வைத்திருந்ததே என் அண்ணனோடு பேசத்தான். அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது.

ஏற்காட்டிலிருந்து பஸ் ஏறிப் போகும் கொட்டச்சேடுதான் எங்கள் ஊர். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ராகி, நாலு ஆரஞ்சு மரம், அவ்வளவுதான் சொத்து. அண்ணனுக்குச் சேர்வராயன் என்று மலைச்சாமியின் பெயர். பெயரை வைத்தும் சாமி காது கொடுக்கவில்லையே என்று அம்மா குறைப்படுவாள். அம்மாவும் அவனும் நானுமாக ஒரு கைப்பேச்சு உண்டாக்கியிருந்தோம். முகத்தின் மேல் உள்ளங்கையை இறக்கினால் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்குகிறது. இரண்டு முஷ்டியையும் ஸ்டியரிங் போல அப்படியும் இப்படியும் திருப்பினால், மலைப்பாதையில் பஸ். காது மடலை இழுத்தால் நான், காது குத்தும்போது ஊரைக் கூட்டிய கழுதை. அண்ணன் சேலத்தில் காது கேளாதோர் பள்ளிக்குப் போய் எழுத்துப் படித்தான். பிறகு எஸ்டேட்டில் காப்பிச் செடி கவாத்து வேலைக்குப் போனான். நான் கல்யாணமாகிக் கடல் தாண்டினேன், அம்மா இறந்தாள். சித்தப்பா வீட்டில் அவனுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் வா, போ, தின்னு என்பதற்கு மேல் அந்த மலையில் அவனோடு கையால் பேச ஓர் ஆள் இல்லை. ஃபோனால் எங்களுக்குப் பயனில்லை. காய்ச்சல் என்று அவன் எழுதிய கடிதம் என் கைக்கு வரும்போது காய்ச்சல் போய் வாரக்கணக்காகியிருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஏற்காட்டு பஸ் ஸ்டாண்டு அருகே காதர் பாய் தன் எஸ்.டி.டி. பூத்தில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் பூத்துக்கு ஃபோன் போடுவேன்.

“ஏனுங்க பாய், அண்ணன் வந்துட்டாருங்களா?”

“வந்துட்டாருங்க தங்கச்சி. மஞ்சு நொம்ப எறங்கிருச்சு, பஸ்ஸு லேட்டுங்க. வந்ததும் வராததுமா டைப் அடிக்கக் குந்திட்டாரு.”

ஃபோனை வைத்துவிட்டு மோடத்தை இணைப்பேன். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக்கொள்வோம். ‘சாப்ட்டியா கண்ணு’ என்று அண்ணன் கேட்க, அதே நிமிஷத்தில் நான் பதில் சொன்ன முதல் ஞாயிறு, மேசையை விட்டு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. அப்புறம் கேமரா வந்தது. பிரிண்டர் துளையில் சொருகும் உருண்டைக் கேமரா எனக்கு ஒன்று, ஊருக்குப் போனவரிடம் கொடுத்தனுப்பியது பாய்க்கு ஒன்று. படம் ஓடாது, விட்டு விட்டு ஒவ்வொன்றாக வரும். கை மேலே இருக்கும், அடுத்த படத்தில் கீழே இருக்கும். நடுவில் நடந்ததை நாங்களே நிரப்பிக்கொள்வோம். முதல் படத்திலேயே அண்ணன் காது மடலை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் விக்கி விக்கி அழுதேன். என் பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

சில மாதங்களில் கோளாறு தொடங்கியது. நான் பக்கவாட்டில் கையை வீசிப் பேசினால் அண்ணன் விழித்துக்கொண்டு நிற்பான். ‘உன் பெட்டி சரியில்லை, ஓரமெல்லாம் இருட்டு’ என்று அடிப்பான். நான் கேபிளை மாற்றினேன், கேமராவை மாற்றினேன், கிழவர் தந்த மேசை விளக்கை முகத்துக்கு நேரே வைத்தேன். திரையின் நட்ட நடுவில் கையைக் காட்டினால் மட்டும் அவனுக்குப் புரிந்தது. இன்னும் எந்தச் சாமானை வாங்கிப் பொருத்தலாம் என்று நான் கடை கடையாக அலைந்துகொண்டிருந்தபோது, ஒரு வேலை நாளில் பாய் தானே ஃபோன் செய்தார்.

“தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. கோளாறு உங்க மிசின்ல இல்லீங்க. நம்ம திரையில உங்க கை பளிச்சுனு தெரியுதுங்க. அண்ணனுக்குத்தான் தெரியலீங்க. நேத்து பஸ் ஏறப் போனவரு, பக்கத்துல நின்ன ஜீப்பு தெரியாம முட்டிக்கிட்டாருங்க.”

பாயே அவனைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். காது பிறவியிலேயே போன சிலருக்குக் கண்ணும் ஓரத்திலிருந்து அடைத்துக்கொண்டே வரும், மருந்து இல்லை என்றார் கண் டாக்டர். இங்கே கேட்டேன், அதையே ஜெர்மனில் சொன்னார்கள். எது கெட்டாலும் வெளியே ஒன்றை வாங்கிச் சொருகிப் பழகியவள் நான். இதற்குச் சொருக ஒன்றுமில்லை.

லீவு போட்டு ஊருக்குப் போனபோது, அண்ணனுக்கு ஊசிமுனை அளவு வெளிச்சம்தான் மிச்சம். வாசலில் நின்றவன் என் முகத்தைத் தடவி, காது மடலைப் பிடித்து இழுத்தான். நான் பேச, என் கைகளின் மேல் தன் கைகளை வைத்துக்கொண்டான். அம்மாவின் கைப்பேச்சு இருட்டிலும் வேலை செய்தது. பக்கத்தில் இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம். ஆனால் பக்கத்தில்தான் நான் இல்லையே. எங்களைப் பார்க்க வந்த பாய் சொன்னார்:

“எனக்கும் கத்துக் குடுங்க தங்கச்சி. நீங்க போனாலும் ஞாயித்துக்கெழம அவரு கடைக்கு வருவாருங்களே.”

அவர் விரலால் அண்ணனின் உள்ளங்கையில் எழுத்து எழுதப் பழகினார். தப்பாக எழுதினால் அண்ணன் அவர் விரலைச் செல்லமாகத் தட்டுவான். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அண்ணன் என் முஷ்டிகளைத் தன் கைக்குள் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினான். பஸ் எப்போது என்று கேட்கிறான். நாளைக்கு என்றேன். இருந்துவிடு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பிள்ளைகளை விட்டு, வேலையை விட்டு இருந்திருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வந்த வாரம் கிழவர் ப்ரவுன் கதவைத் தட்டினார். கையில் ஒரு பெரிய மானிட்டர். “பெஸ்ஸர்!” என்றார். இது இன்னும் நன்றாகத் தெரியுமாம். கண் போனது மறுகரையில் என்று சொல்லும் அளவுக்கு என் ஜெர்மன் போதாது. டாங்கே என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு, அவர் சொன்னது போலவே துல்லியமாகத் தெரிந்தது. அண்ணன் திரையைப் பார்க்காமல், இடது உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்து உட்கார்ந்திருந்தான். ‘சாப்ட்டியா’ என்று அடித்தேன். பாய் படித்துவிட்டு அந்தக் கையில் எழுதினார். எழுதட்டும் என்று காத்திருந்தபோது என் கை தானாக எழுந்து காது மடலை இழுத்தது. பாய் அதைப் பார்த்துவிட்டார். அண்ணனின் விரல்களை எடுத்து, அவன் காது மடலிலேயே கொண்டுபோய் வைத்தார். அடுத்த படத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்த படத்தில், எழுந்து பஸ் வந்து நிற்கும் வாசல் பக்கம் திரும்பி, இரண்டு கைகளாலும் காற்றில் என்னைத் தேடிக்கொண்டிருந்தான்.