பன்னிரண்டு பூட்டு

ஓசூர் கடைத்தெருவில் காய் வாங்கிவிட்டு நான் திட்டாத நாளே கிடையாது. எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில் விளைகிற கோஸும் பீன்ஸும் சாயங்காலம் லாரி ஏறிப் பெங்களூர் போகும். அங்கே இரண்டு கை மாறி, வாடி வதங்கி, மறுநாள் மத்தியானம் அதே ஓசூருக்குத் திரும்பி வந்து இரட்டை விலைக்கு எங்கள் தலையில் விழும். எண்பதுகளின் தொடக்கம் அது.

என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் வரிசையில் பன்னிரண்டு குடும்பம். எல்லாரும் திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நான்தான் பின்னாலிருந்த தோட்டக்காரரிடம் போய்ப் பேசினேன். பன்னிரண்டு வீடும் விதைக்கு முன்னாலேயே பணம் கொடுத்துவிடும். விளைவதை வீட்டுக்கு ஒரு பாகமாக வாராவாரம் அவர் கொண்டுவர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் அது எங்கள் பாடு.

அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். யோசித்து யோசித்துத் தமிழில் கேட்டார்: "லாரிக்காரன ஒருதரம் வேணான்னுட்டா திரும்பி நிக்கமாட்டான்மா. நடுவுல கைய விட்டுட மாட்டீங்களே?"

"பன்னெண்டு வீட்டுக்கும் நான் பொறுப்பு" என்றேன். பெரிய மகாராணி!

கார்த்திகையில் காய் வரத் தொடங்கியது. கூடவே புலம்பலும். முதல் வாரம் நூல்கோல். இரண்டாவது வாரமும் நூல்கோல். "என்னக்கா, இதையே தின்னு தின்னு எங்க வீட்டாளு மூஞ்சியே நூல்கோலாட்டம் ஆயிருச்சு" என்றாள் அடுத்த வீட்டு மதுரைக்காரி. எதிர் வீட்டுக்காரி ஒரு படி மேலே போனாள். "அமாவாசைக்கு இங்கிலீஷ் காயா? எங்க அத்தைக்குத் தெரிஞ்சா வெளக்குமாத்தாலயே சாத்துவாவ. ஒரு அவரைக்கா உண்டா, பூசணி உண்டா?" கடையில் சொத்தையைக் கொடுத்தாலும் வாய் திறக்காத ஆட்கள் இவர்கள்! தோட்டக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்பார். பாவம். "பொங்கலுக்குத் தர்றேன்மா" என்பார்.

பொங்கல் வந்தது. எங்களுக்குப் பொங்கல் என்றால் ஊர்தான். மாசக் கணக்காய் லீவுக்குச் சண்டை போட்டு, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து, போகிக்கு முதல் நாள் சாயங்காலமே பன்னிரண்டு வீடும் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். பால்காரரிடம் சொன்னோம். பேப்பர்காரரிடம்கூடச் சொன்னோம். தோட்டக்காரரிடம் சொல்ல ஒருத்திக்கும் தோன்றவில்லை. பொறுப்பேற்ற இந்தப் புத்திசாலிக்கும் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்துத் திரும்பினால் தெருமுனையிலேயே அழுகல் நாற்றம். பன்னிரண்டு வாசலிலும் ஈரச் சாக்கு போர்த்திய பன்னிரண்டு குவியல். விலக்கிப் பார்த்தேன். கோஸ், பீன்ஸ், அவரைக்காய், ஒரு பூசணிக் கீற்று, மஞ்சள் கொத்து. எல்லாம் கூழாகிக் கிடந்தது.

"அறிவிருக்கா அந்தாளுக்கு? இனிமே இந்தச் சங்காத்தமே வேணாம்க்கா" என்றாள் மதுரைக்காரி. பதினோரு வீடும் அதையே பாடியது. எனக்கும் ஆத்திரம் தலைக்கேறியது. நேரே தோட்டத்துக்குப் போனேன்.

"ஏண்ணே, பூட்டுத் தொங்குறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதும்மா. பொங்கலுக்கு வீட்டப் பூட்டிகினு எவரு போவாங்க? கடைக்குப் போயிருப்பீங்க, வந்துருவீங்கன்னு நெனச்சேன்."

"வரலன்னா கொண்டுபோய் வித்திருக்கலாம்ல?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "உங்க பாகம்மா அது. உங்க பொருள நா எப்டி விக்கிறது?"

சண்டை போட வந்தவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பெங்களூர் லாரி வந்தது. அவர் தோட்டத்தைத் தாண்டிப் போய் அடுத்த தோட்டத்தில் நின்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்றுப் பாத்திக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார்.

"இந்தத் தரம் எத்தன வீடும்மா?"

"ஒண்ணுண்ணே" என்றேன். "எங்க வீடு."