கைபேசிக்கு முன்னால் சொன்ன பதில்

அன்று கன்ரீனில் யென்ஸ் கைபேசியை உயர்த்திப் பிடித்தபோது, என் கையிலிருந்த பாண் துண்டு வாய்வரை செல்லவில்லை. டென்மார்க்கின் வைலே நகரில் இறைச்சி பொதிசெய்யும் தொழிற்சாலையொன்றில் நான் பணியாற்றிய இறுதிக் காலம் அது. யென்ஸ் எங்கள் மேற்பார்வையாளர்; மனத்தில் பட்டதை எவரும் எங்கும் சொல்லலாம் என்று நம்பி வளர்ந்த நல்ல மனிதர்.

எதிரே எங்கள் லைனில் வேலைசெய்யும் இருவர் இருந்தனர். மேய் சீனாவிலிருந்து வந்தவள். யூடிங் தாய்வானிலிருந்து வந்தவள். பெயர்களை மாற்றியே எழுதுகிறேன். தேயிலைச் சாயத்தில் அவித்த முட்டை இரண்டை மேய் நாள்தோறும் கொண்டுவருவாள். ஒன்று யூடிங்குக்கு.

"தாய்வானைப் பற்றி உங்கட சனம் என்ன நினைக்குது, மேய்? சொல்லு, படம் பிடிச்சு எங்கட வேலைக் குறூப்பிலை போடுறன்," என்று யென்ஸ் சிரித்தார்.

மேய் கைபேசியைப் பார்த்தாள். "தாய்வான் எங்கட. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

யூடிங் எழுந்து சென்றாள். முட்டை மேசையிலேயே கிடந்தது.

மேயின் அந்தக் குரலை நான் அறிவேன். யாழ்ப்பாணத்தில் இராணுவச் சுற்றிவளைப்பின்போது, கேட்பவனின் சீருடையைப் பார்த்த பின்னரே நாங்களும் எங்கள் கருத்தைச் சொன்னோம்.

பிற்பகல் குளிரறையில், காற்றாடியின் இரைச்சலுக்குள், மேய் என்னருகே வந்தாள். தன் தம்பி இராணுவத்தில் இருக்கிறான் என்றும், போர் மூண்டால் அவனையும் கப்பலில் ஏற்றுவார்கள் என்றும் சொன்னாள்.

"அம்மாவுக்குச் சண்டை வேண்டாம். எங்கட தெருவிலை கனபேருக்கு வேண்டாம். ஆனா ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். நான் மாறிச் சொன்னது அங்கை போய்ச் சேந்தா, தம்பியை என்ன செய்வாங்களோ?"

யூடிங்கிடம் மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள்.

முதலில் யென்ஸிடம் சென்று, அந்தப் பதிவை அழித்துவிடுமாறு வேண்டினேன். "டென்மார்க்கிலை என்ன பயம்?" என்று கேட்டபடியே அழித்தார். மற்ற மேசைகளில் எத்தனை கைபேசிகள் திறந்திருந்தன என்பதை நான் எவரிடம் கேட்பது?

செய்தியைக் கேட்ட யூடிங் நெடுநேரம் கையுறையைக் கழற்றவில்லை. "பயம் எங்களுக்கு மட்டும்தான் எண்டு நினைச்சன்," என்றாள்.

மறுநாள் மேய் வழக்கம்போல் முட்டையை நகர்த்தி வைத்தாள். யூடிங் எடுத்து உரித்தாள். மேயோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யார் கையில் கைபேசி இருக்கிறதென்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளையோரே, கூட வேலைசெய்பவரிடம் அவருடைய நாட்டைப் பற்றிக் கேட்குமுன், உங்கள் கையிலிருப்பதைக் கீழே வையுங்கள். அதன் பின்னரும் அவர் மௌனமாயிருந்தால், அதையே பதிலாகக் கொள்ளுங்கள்.