காசியம்மாள் சேலையில் பெரியம்மாள்

கொடியில் கிடக்கும் சேலைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து, துவைத்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, காசியம்மாள் நேற்று கட்டி அவிழ்த்ததை உருவி எடுக்கிறாள் பெரியம்மாள். தன் சேலைக்கு மேலேயே அதைச் சுற்றிக்கொண்டு மாட்டின் அருகே குந்துகிறாள். செவலை ஒரு தரம் திரும்பி மோந்து பார்த்துவிட்டு அசைபோடத் தொடங்குகிறது. காசியம்மாளின் கணவர் சின்னராஜ் தூக்கக் கலக்கத்தோடு வந்து முதுகுக்குப் பின்னால் நின்று, "காப்பி என்னாச்சு?" என்கிறார்.

"மாடுதான் ஏமாறணும், நீங்களுமாங்கண்ணா? உங்க வூட்டுக்காரம்மா முட்டி வலின்னு ஆஸ்பத்திரியில கெடக்கறாங்க. நீங்களே வெச்சுக் குடிங்க."

காரிமங்கலத்தை ஒட்டிய அந்தத் தெருவில் யார் வீட்டுப் பெண்மணி வெளியூர் போனாலும் கறவைக்குப் பெரியம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். பிறந்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம். மனிதர்களிடம் தமிழ், மாடுகளிடம் கன்னடம். "சும்னே நில்லு" என்று அடிக்குரலில் சொன்னால் உதைகாலி மாடும் காலை ஊன்றி நிற்கும். கூலி வாங்க மாட்டாள். ஒரு சொம்பு மோர் குடிப்பாள், அதிலும் உப்பு பத்தவில்லை என்று குறை சொல்வாள். கணவர் இல்லை, மகள் ஓசூரில். அவளுடைய பிழைப்பு என்பது கருப்பி என்கிற ஒரே மாடுதான்.

அந்தத் தெருவில் கொரோனா முதலில் வந்ததும் அவளுக்குத்தான். ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள், தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அவள் திரும்பி வந்த பிறகும் பல நாள் யாரும் அவள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அடுத்த வருடம் இரண்டாவது அலையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் விழுந்தது. பெண்கள் படுத்துவிட்டார்கள். மாடுகள் மடி கனத்துக் கத்தின. புது ஆள் கை வைத்தால் உதைத்தன.

அப்போதுதான் பெரியம்மாள் தெருவில் இறங்கினாள். "எனக்கு வந்துட்டுப் போயிடுச்சு. அம்மை கண்டு எறங்குனவளுக்கு மறுக்கா அம்மை வருமா?" தெருவுக்கும் அது சரியென்றே பட்டது. அம்மை கண்ட வீட்டில், முன்பே அம்மை வந்து போனவர்களைத்தானே பணிவிடைக்கு வைப்பார்கள்? காய்ச்சலில் கிடந்த பெண்களின் சேலைகளையே கேட்டு வாங்கிச் சுற்றிக்கொண்டாள். "தொவச்சது ஆவாதுங்க. மாட்டுக்கு சோப்பு வாசனையா தெரியும்? ஆளு வாசனதான் தெரியும்." கறந்து முடித்ததும் சன்னலோரம் நின்று, முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டு, படுத்திருப்பவளிடம் மாட்டைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்வாள். அந்தக் கோடையில் அந்தத் தெருவில் ஒரு மாட்டுக்கும் மடிநோய் வரவில்லை.

எல்லாரும் எழுந்து தங்கள் மாட்டைத் தாங்களே கறக்கத் தொடங்கிய பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் போன் செய்தாள். "மறுபடியும் பாசிட்டிவ்மா."

"அது என்னோட பழைய சீட்டா இருக்கும், நல்லா பாரு கண்ணு."

பழையது இல்லை. சேலையில் ஒட்டி வந்ததா, சன்னலோரப் பேச்சில் வந்ததா, யாருக்குத் தெரியும்? முதல் முறை இருமலோடு போனது, இந்த முறை எழுந்து நிற்கவே மூச்சு வாங்கியது. மாத்திரையைத் தந்து வீட்டிலேயே தனித்திருக்கச் சொன்னார்கள். கொட்டகையில் கருப்பி காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. கறக்கப் போன சின்னராஜ் உதை வாங்கித் திரும்பினார். இன்னும் ஒரு வேளை விட்டால் மடி கல்லாகிவிடும். மடி போனால் மாடு போனது மாதிரிதான்.

எதிர் வீட்டு ஜெயபிரியா வேலியோரம் வந்து நின்றாள். முந்தின மாதம்தான் கொரோனா வந்து தேறியவள், இடுப்பில் பால்குடிக் குழந்தை.

"அத்த, நீங்க கட்டுன சீலைய எடுத்துப் போடுங்க. நான் கறக்கறன்."

"வேணாம் புள்ள."

"எனக்குத்தான் வந்துட்டுப் போயிடுச்சுங்களே. வந்தவங்களுக்கு வராதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

பெரியம்மாள் சன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். தெருவே அவள் சொன்னதை நம்பிக்கொண்டு முகக்கவசத்தைக் கழற்றிக் கொடியில் மாட்டியிருந்தது. பிறகு வாசற்படிக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு, ஜெயபிரியாவுக்கு மட்டுமல்லாமல் நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான் சொன்னது தப்பு. வந்தவளுக்கும் வருது. என்னயப் பாத்துக்கங்க."

"அப்ப மாடு?"

"நீ மொதல்ல புள்ளய தூக்கிட்டு உள்ள போ."

குந்திக் கறக்க உடம்பில் தெம்பில்லை. கன்றை விட்டால் மடி இளகும். ஆனால் முழுப் பாலையும் கன்றுக்கே கொடுத்துப் பழகிய மாடு மறுபடி மனிதக் கைக்குப் பால் இறக்காமலே போகலாம். அது அவளுக்குத் தெரியாததல்ல. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொட்டகைக்குப் போனாள். கன்றின் கழுத்துக் கயிற்றில் அவளே இறுக்கிப் போட்டிருந்த முடிச்சு விரலுக்கு வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்துவிட்டாள்.