வட்டார ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி

போன வாரம் மகள் குடும்பப் படங்களை எல்லாம் ஒரு ஃபோல்டரில் போட்டுக் கைபேசியில் அனுப்பினாள். அதைத் தங்கைக்கும் அனுப்பலாமென்று போனால், 'பார்க்க மட்டுமா, திருத்தவுமா?' என்று கேட்டது. விரல் அப்படியே நின்றுவிட்டது. மூக்கில் வத்தல் நெடி ஏறினாற்போல் இருந்தது.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. இரண்டாயிரத்து ஏழு வாக்கில் நான் வேலை பார்த்த விவசாயிகள் சங்க அலுவலகம், ஆர்.எஸ்.மங்கலத்தில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கிக்கு மேல்மாடி. மின்விசிறியைப் போட்டால் தும்மல், போடாவிட்டால் வியர்வை. கண்மாய் விவரங்களை இணையத்தில் ஏற்ற ஒரு மென்பொருள் வந்திருந்தது. வட்டாரம் என்று ஒரு பெரிய ஃபோல்டர். அதற்குள் கண்மாய்க்கு ஒன்று. அதற்குள் வரைபடம், கூட்டம், மனு என்று தனித்தனியே. யார் எதைப் பார்க்கலாம், எதில் எழுதலாம் என்று அனுமதி கொடுப்பது நான். வீட்டில் டிவி ரிமோட்கூட என் கைக்கு வராது.

கீழ்க்கண்மாய் ஊரிலிருந்து காளியம்மாள் வந்தார். கூலி வேலை செய்பவர். மேல்கண்மாய்க்காரர் ஒருவர் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மறித்து வயலாக்கிவிட்டார், எங்களுக்குத் தண்ணீர் வருவதில்லை என்று அவர் சொல்லச் சொல்ல மனுவைத் தட்டினேன். கண்மாய்களைக் கவனிக்கும் அரசாங்க ஆபீசர் அதை இணையத்திலேயே படித்து நடவடிக்கை எடுப்பார் என்பது ஏற்பாடு.

"எம் பேரு வெளிய தெரியக் கூடாது தாயி. அவுக வயக்காட்டுலதான் எனக்குக் களையெடுப்பு."

"நானும் ஆபீசரும் மட்டுந்தான்க்கா பாக்க முடியும்" என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

வரத்துக்காலை மறித்தவரின் மகன் செல்வராசுதான் மேல்கண்மாய் விவரங்களை ஏற்றுபவர். ஒருநாள் வந்து சலித்துக்கொண்டார். "எதத் தொட்டாலும் அனுமதி இல்லைங்குது மேடம். வரைபடத்துக்கு ஒண்ணு, கூட்டத்துக்கு ஒண்ணா? மொத்தமாத் தொறந்து விடுங்க."

எனக்கும் அன்று தும்மல் அதிகம். வட்டார ஃபோல்டரிலேயே அவருக்கு அனுமதி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மேலே கொடுத்தால் உள்ளே இருக்கும் அத்தனைக்கும் அது தானாக இறங்கும். பயிற்சியில் சொன்னார்கள், எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. நானும் கடைமடை ஊர்க்காரி. மேலே விட்டது கீழே வந்து சேரும் என்று எங்கள் பக்கம் யார் நம்பினார்கள்?

மூன்றாம் வாரம் காளியம்மாள் படியேறி வந்தார். சத்தம் போடவில்லை.

"ஊரே களையெடுக்குது. என்னைய மட்டும் கூப்பிடல. ஒங்கிட்ட மட்டுந்தானத்தா சொன்னேன்?"

நான் செய்ததைச் சொன்னேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. அவர் கண்முன்னாலேயே செல்வராசின் அனுமதியை நீக்கினேன். மனுவிலிருந்து உங்கள் பேரையும் எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"பாத்தவுக பாத்தாச்சு. இனி எடுத்து என்ன செய்ய? கெடக்கட்டும். தண்ணி வருதான்னு மட்டும் பாரு."

அந்த வருஷமே அவர் சாயல்குடிப் பக்கம் உப்பளத்துக்குப் போய்விட்டார். பிறகு பார்க்கவில்லை.

கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வரத்துக்கால் வயலாகவே இருக்கிறது. அந்தத் தளமும் இரண்டாயிரத்து ஒன்பதோடு போயிற்று. திட்டம் முடிந்ததும் மூடச் சொன்னார்கள். பயனர்களை ஒவ்வொருவராக நீக்கி, ஃபோல்டர்களை அழித்தது நான்தான். அழிக்கும்முன் காளியம்மாளின் மனுவைத் திறந்தேன். இதுவரை பார்த்தவர்கள் யார் யார் என்று ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கும். இரண்டே பெயர்கள். ஒன்று நான், இன்னொன்று செல்வராசு. ஆபீசருக்கு முதல் நாளிலிருந்தே முழு அனுமதி கொடுத்திருந்தேன்.