சித்தப்பாவுக்கு இரைக்கவில்லை

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் ஓணத்துக்கு ஓணம் வடம்வலி நடக்கும். கயிறு இழுக்கும் போட்டிதான். பஜார்க்காரர்கள் ஒரு பக்கம், படகுத்துறைக்காரர்கள் மறுபக்கம். ஜெயித்தவர்களுக்கு ஒரு முழு நேந்திரங்குலை. பஜார் அணியின் கடைசி ஆளாகக் கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்பவர் என் சித்தப்பா. குலை வீட்டுக்கே வந்துவிட்டது மாதிரி நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

படகுத்துறை அணியின் கடைசி ஆள், எதிர்வீட்டுச் சேச்சியின் அண்ணன். சேச்சியைச் சித்தப்பாவுக்குப் பெண் கேட்டு அப்பா போய் வந்திருந்தார். எல்லோருக்கும் சம்மதம், அண்ணன் மட்டும் பிடி கொடுக்கவில்லை. இரண்டு ஓணமாகத் தன்னைத் தரையில் இழுத்துப் போட்ட தமிழனுக்குத் தங்கையைக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? எனக்கு அதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம். எனக்குப் பழம் வேண்டும்.

சித்தப்பா தோப்பும்படி ஜிம்முக்குப் போகிறவர். கேட்காமலே பாடம் நடத்துவார். சதைக்குள் கொஞ்சம் சக்தி வடித்து வைத்த சோறு மாதிரி தயாராக இருக்குமாம். சில நொடியில் அது தீர்ந்துவிடும். அப்புறம் சதை மூச்சுக்காற்றுக்குக் காத்திராமல் உள்ளே இருக்கும் சர்க்கரையை அவசரமாகக் கரைத்துச் சமாளிக்கும். கைகால் எரிவது அப்போதுதான். அந்த நேரம் போதாமல் போன மூச்சை உடம்பு பின்னால் இரைத்து இரைத்து வாங்கிக்கொள்ளும், ஒருத்தரும் தப்ப முடியாது என்பார்.

சுக்கு மணக்கும் கிடங்கு வாசலில் போட்டி தொடங்கியது. முதலில் கயிறு அசையவே இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் வந்தது. சேச்சியின் அண்ணனுக்குக் கால் வெடவெடவென்று நடுங்கியது. கூட்டத்தில் நின்ற தங்கையை ஒரு தடவை பார்த்தார். சித்தப்பாவும் அதைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் சித்தப்பா பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கயிறும் குலையும் அந்தப் பக்கம் போயின.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பஜார்க்காரர்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். சித்தப்பா உட்கார்ந்தபடியே நிதானமாக வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

“சதையில சக்தி தீந்துபோச்சு கண்ணு, என்ன செய்ய?” என்றார்.

நானும் நம்பினேன். அந்த அண்ணன் வெகுநேரம் பேச முடியாமல் இரைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே வந்து சித்தப்பாவைக் கைகொடுத்துத் தூக்கி, சாயா குடிக்க வீட்டுக்குக் கூட்டிப்போனார். குலையில் ஒரு சீப்பு எனக்கும் வந்தது. கோபத்தில் நான் அதைத் தொடவில்லை.

இப்போது நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். போன மாதம் தசைப் பாடத்தின் நடுவே சட்டென்று சித்தப்பாவின் அன்றைய முகம் ஞாபகம் வந்தது. சக்தி தீரும்வரை இழுத்தவர் எப்படி அத்தனை நிதானமாகப் பேசினார்? சாயங்காலம் நேரே சித்தியிடம் போய்க் கேட்டேன். சித்தி என்றால் அதே எதிர்வீட்டுச் சேச்சிதான்.

வெங்காயம் நறுக்கியபடியே சிரித்தாள். “எனக்கு அன்னிக்கே தெரியும் மோளே. எங்க சேட்டன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. இன்னும் அந்த ஜெயிப்பைச் சொல்லிச் சொல்லித்தான் சோறு உண்ணுறாரு.”