இரண்டு மடிப்புச் சீட்டு

பாஸ்டரம்மாவுக்கு வலது கை நடுங்கும். வயதால் வந்த நடுக்கம் இல்லை. கல்யாணமான முதல் ஞாயிறு, சபை முழுவதும் திரும்பிப் பார்க்க, "இவங்கதான் நம்ம புது பாஸ்டரம்மா" என்று முன்னால் நிறுத்தினார்களே, அன்றைக்குத் தொடங்கியது. அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது. அதுவரை ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு சிவப்புப் பேனா. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லாத வேலை. அங்கிருந்து நேராக, நூற்றிருபது குடும்பங்கள் நேரம் காலம் பார்க்காமல் கதவைத் தட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டால் முதலில் அவருக்கு அடிவயிறு கலங்கும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொள்வார். பிறகு போய்த் திறப்பார். இந்த வரிசை கடைசிவரை மாறவில்லை.

"இத்தனை வருஷம் ஆச்சு, இன்னுமா பயம்?" என்று பாஸ்டர் கேட்பார்.

"நீங்க பேசுறீங்க, அவங்க கேட்டுட்டுப் போயிடுறாங்க. என்கிட்ட அவங்க பேசுறாங்க. கேட்டதையெல்லாம் நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

வைப்பதற்கு ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியில் துளை போட்டது. திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பெண்கள் ஜெபம். வாரம் முழுவதும் யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதி டப்பாவில் போடலாம். பெயர் வேண்டாம். ஒரு மடிப்பு மடித்தால் அதைக் கூட்டத்தில் வாசித்து எல்லோரும் ஜெபிப்பார்கள். இரண்டு மடிப்பு மடித்தால் அது பாஸ்டரம்மாவுக்கு மட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாக வாசித்து ஜெபித்து, சனிக்கிழமை அடுப்பில் போட்டுவிடுவார். பாஸ்டருக்குக்கூடக் காட்டுவதில்லை. இந்தச் சட்டத்தைப் போட்டது பாஸ்டரம்மாதான். பதினெட்டு வருடம் ஒரு சீட்டும் கசிந்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை நல்ல மழை. கூரை ஒழுகி டப்பாவுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. நாற்காலி போடச் சீக்கிரம் வந்த தையல்காரம்மா அதைப் பார்த்தார். பொறுப்பான மனுஷி. துணியிலோ தாளிலோ ஒரு சுருக்கத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஈரச் சீட்டுகளை எதிரில் இருந்த தன் கடைக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாகப் பிரித்து, மேலே துணி போட்டு இஸ்திரி போட்டுக் காய வைத்து, அடுக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

பாஸ்டரம்மா வரும்போது பாட்டு முடிந்திருந்தது. சீட்டுகளைக் கையில் எடுத்தார். சூடு இன்னும் ஆறவில்லை. எல்லாம் ஒரே மட்டமாக இருந்தன. வாசிக்கத் தொடங்கினார்.

பிழை திருத்துபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண் எழுத்தைப் பார்க்கும், வாய் சொல்லும், பொருள் ஒரு வரி பின்னால் வரும். நான்காவது சீட்டில் அதுதான் நடந்தது.

"அவர் கை ஓங்கும்போதெல்லாம் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறது. இனி என்னால் முடியாது. வியாழக்கிழமை..."

அங்கே நின்றார். ஜன்னல் வெளிச்சம் தாளின் மேல் சாய்வாக விழுந்தது. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. மடித்த இடத்தில் தாளின் நார் உடைந்துவிடும். இஸ்திரி அதைத் தட்டையாக்கும், ஒட்ட வைக்காது. இரண்டு மடிப்பு.

அறையில் இருபத்துமூன்று பெண்கள். இரண்டாவது வரிசையில் லேப் பொண்ணு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள்; புருஷன் லாரி டிரைவர். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் மாமியார், மடியில் நான்கு வயதுப் பேத்தி. குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது. தலை மெதுவாக மருமகள் பக்கம் திரும்பத் தொடங்கியது.

"இது என் சீட்டு," என்றார் பாஸ்டரம்மா. "கைதவறி இதுல கலந்துடுச்சு."

இருபத்துமூன்று தலைகளும் அவர் பக்கம் திரும்பின. சீட்டு காற்றில் பறப்பதுபோல் கையில் ஆடியது. அந்தக் கூட்டத்தில் அந்த நடுக்கம் ஒரு சாட்சி போலவே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்டரிடமும் மகளிடமும் சொன்னார். "ஏங்க, நான் ஒரு பொய் சொல்லிட்டேன். நீங்க என்னை அடிக்கிறீங்கன்னு ஆயிடுச்சு. ஏன், எதுக்குன்னு வியாழக்கிழமை வரைக்கும் கேக்காதீங்க."

பாஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"எத்தனை பேர் இருந்தாங்க?"

"இருபத்துமூணு."

"அப்ப இந்நேரம் முந்நூறு," என்றார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எந்தக் கையால அடிச்சேன்? யாராவது கேட்டா மாத்திச் சொல்லிடக் கூடாது பாரு."

பாஸ்டரம்மா சிரிக்க முயன்றார். அழுகைதான் வந்தது. மகளுக்குப் பத்தொன்பது வயது, பாலிடெக்னிக் மாணவி. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "நாளைக்கு என் கிளாஸ்ல கேப்பாங்கம்மா. நான் என்ன சொல்ல?" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை சபைச் செயலாளர் வந்தார். டீயைத் தொடவில்லை. "பாஸ்டர், கேக்கவே வாய் வரல. அம்மா சொன்னது..."

"என் வீட்டம்மா சபையில சொன்னதை நான் இங்க உக்காந்து மறுக்க மாட்டேன்," என்றார் பாஸ்டர். செயலாளர் எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடும் என்று வாசலில் நின்று சொன்னார். வீடு சபையின் வீடு. வேலை போனால் வீடும் போகும். சமையலறையில் நின்ற பாஸ்டரம்மாவுக்கு எல்லாம் கேட்டது.

பத்து மணிக்குப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். சுகர் பார்க்க வேண்டும் என்று சீட்டு வாங்கினார். லேப் பொண்ணு திரையை இழுத்துவிட்டு, ரப்பர் பட்டையைக் கையில் கட்டினாள். இரண்டு பேர் கையும் ஆடியதில் பட்டை இரண்டு தடவை அவிழ்ந்தது.

"கையை இறுக்கி மூடுங்க... ஏன் பாஸ்டரம்மா அப்படிச் சொன்னீங்க?"

"வேற ஒண்ணும் வாயில வரலம்மா. என்னை மன்னிச்சுடு. நான்தான் வாசிச்சேன்."

"எங்க மாமியார் நம்பல. நேத்திலிருந்து பாப்பாவை என்கிட்ட விடவே மாட்டேங்கிறாங்க. அவர் நாளைக்குச் சாயங்காலம் லோடு ஏத்திட்டுப் போனா சனிக்கிழமைதான் வருவாரு. வியாழக்கிழமை எங்க அக்கா..."

"எங்கேன்னு சொல்லாதே. எனக்குத் தெரிய வேண்டாம்."

"மாமியார் வீட்டை விட்டு அரை மணி நேரம் வெளியே போனா போதும். பாப்பாவை விட்டுட்டு அவங்க எங்கேயும் போறதில்ல." ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினாள். "பயமா இருக்கு பாஸ்டரம்மா."

"எனக்கும்தான்," என்றார் அவர்.

புதன்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. அடிவயிறு கலங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திறந்தார். மாமியார், இடுப்பில் பேத்தியோடு.

"ஆறுதல் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். ஆம்பளைன்னா கை நீளத்தான் செய்யும், நம்ம பொறுத்துப் போகணும். உங்களுக்கே நான் சொல்லணுமா?" கண் வீட்டை அளந்தது. மேசையில் சர்க்யூட் வரைந்துகொண்டிருந்த மகள்மேல் வந்து நின்றது. "ஆமா, எனக்கு ஒண்ணு விளங்கல. ஒட்டகம் மாதிரி வளந்த பொண்ணு, கட்டிலுக்கு அடியில எப்படிம்மா போவுது?"

மகள் அளவுகோலைக் கீழே வைத்தாள்.

"சின்னதுலேயே பழகிடுச்சு பாட்டி. இப்பக் கால் மட்டும் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும்."

அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அம்மாவின் கை ஆடுவதைப் பார்த்தாள், அவ்வளவுதான். தன் அப்பாவின் மேல் அவள் சொன்ன ஒரே பொய் அது.

"வியாழக்கிழமை என்னன்னு எழுதியிருந்துச்சு?" மாமியார் விடவில்லை.

"வீட்டை விட்டுப் போறேன்," என்றார் பாஸ்டரம்மா. சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. அதன் பயனும் கூடவே புரிந்தது. "நாளைக்குப் பத்து மணி பஸ். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்லப் போறேன்!"

வியாழக்கிழமை பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பதினொரு பேர் நின்றார்கள். நடுவில் மாமியார். குழந்தைக்குச் சளி, மழையில் தூக்கி வர முடியாமல் மருமகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். "போகாதீங்க பாஸ்டரம்மா, ஊர் சிரிக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார் பாஸ்டரம்மா. பத்து மணி பஸ்ஸை விட்டார். பத்தரை மணி பஸ்ஸையும் விட்டார். அழச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு நிமிடமும், ஒரு பெண் குழந்தையோடு ஏதோ ஒரு தெருமுனையைத் தாண்டுகிறாள், யாரோ அவளைப் பார்த்துவிடுகிறார்கள் என்றே அவருக்குத் தோன்றியது. பதினொன்றுக்கு ஏறினார். அதற்கு முன் அவர் தனியாக பஸ்ஸில் போனதே இல்லை. பெட்டியில் இரண்டு பழைய தலையணை உறைகள் மட்டும் இருந்தன. அடுத்த ஊரில் இறங்கி, கழிப்பறைக்குக்கூடப் போகப் பயந்து, ஐந்து மணிவரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

அன்று தகவல் இல்லை. இரவு அவர் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் போன் அடித்தது. மகள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"பாஸ்டரம்மா, உங்க சுகர் நார்மல். சொல்ல மறந்துட்டு வந்துட்டேன்." பின்னால் ஒரு குழந்தை ஏதோ வேண்டுமென்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. பயப்படுகிற குழந்தை அடம்பிடிக்காது.

அதோடு முடியவில்லை. சனிக்கிழமை லாரி டிரைவர் வந்து ஒரு மணி நேரம் கேட்டை உலுக்கினான். "எங்க அவ?" "தெரியாதுப்பா." அது உண்மை. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரம்மா சபையில் எழுந்து நின்றார். "திங்கட்கிழமை நான் சொன்னது பொய். பாஸ்டர் என்னை அடிச்சதே இல்ல. காரணத்தை நான் சொல்ல மாட்டேன்." உட்கார்ந்துவிட்டார்.

பின் வரிசையில் ஒருத்தி சொன்னாள், "அடி வாங்குறவ இப்படித்தான் மறுப்பா, பாவம்."

பாதிப்பேர்தான் பாஸ்டரம்மாவை நம்பினார்கள். காரணத்தைக் கமிட்டியிடமும் அவர் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் பாஸ்டரை முப்பது குடும்பங்கள் உள்ள ஒரு சிறிய சபைக்கு மாற்றினார்கள். தையல்காரம்மா மட்டும் அழுதுகொண்டே சாமான்களைக் கட்ட உதவினார். சீட்டுகளைப் பிரித்தவர் அவர். எல்லாம் அவருக்குத் தெரியும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தப் பொய்யைச் சரி என்று பாஸ்டரம்மா ஒருநாளும் சொன்னதில்லை. "பொய் பொய்தான். கர்த்தர்கிட்ட தனியாப் பேசிக்கிறேன்" என்பார். புதிய சபையிலும் ஒரு டப்பா வைத்தார். அதன் சாவி அவர் கழுத்தில் தொங்கியது.

ஒருமுறை போதகர் மனைவிகள் கூட்டத்தில் ஒருவர் அவரிடம் கேட்டார். "அக்கா, இந்தப் பயம் எப்பப் போகும்?"

"எனக்குப் போகல," என்றார். "போனப்புறம் கதவைத் திறக்கலாம்னு இருந்திருந்தா, நான் ஒரு கதவையும் திறந்திருக்க மாட்டேன்."

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது கை நடுங்கினால், அந்தக் கையாலேயே வேலை நடக்கும். ஒரு குழந்தை எங்கோ அடம்பிடிக்கிறது. அதைச் செய்தது ஒரு நடுங்கும் கைதான்.

பாஸ்டரம்மாவின் கடைசி மூன்று நாள் ஆஸ்பத்திரியில். மானிட்டரில் இதயக் கோட்டின் மேல் பொடிப்பொடியாக அலை ஓடியது. நர்ஸ் ஒயரை இரண்டு முறை மாற்றினாள்.

"ஒயர்ல கோளாறு இல்ல சிஸ்டர்," என்றாள் மகள். இப்போது அவள் இயந்திரங்களோடுதான் வேலை செய்கிறாள். "அம்மா கை. எப்பவும் அப்படித்தான்."

கண் மூடியிருந்தாலும், யாராவது கதவைத் தட்டினால் அந்த அலை ஒரு கணம் கூடும். பிறகு தணியும். மகள் அதை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்கு தடவை.

மூன்றாம் நாள் பகல், பதினைந்தாவது முறை கதவு தட்டப்பட்டது. மானிட்டரைப் பார்த்தாள். கோடு சுத்தமாக இருந்தது. இதயம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, நடுக்கம் நின்றுபோயிருந்தது. அந்தக் கையை எடுத்துப் பார்த்தாள். அவ்வளவு அசையாமல் அது இருந்து அவள் பார்த்ததே இல்லை.

கதவை மறுபடியும் தட்டினார்கள். யாரோ ஒரு பெண்ணின் குரல், "பாஸ்டரம்மா இங்கதான் இருக்காங்களா?"

மகளுக்கு அடிவயிறு கலங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போய்த் திறந்தாள்.