கரெண்டு திரும்பிய பிறகு

ஜெஞ்சாரோம் கிராமத்தில் திலாப்பியா மீன் வளர்க்கும் ஆன்டி ஒருவர் காலையில் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். முந்தைய நாள் மழையில் கரெண்டு போயிருக்கிறது. திரும்பி வந்தும் குளத்துச் சக்கரங்கள் சுற்றவில்லை. தண்ணீரில் காற்றைக் கலக்கும் அந்தச் சக்கரங்களை ஓட்டுவது நாங்கள் பொருத்திய சிறிய கணினிப் பெட்டி. அவர் பார்த்து, கையால் சுவிட்சைப் போடுவதற்குள் ஒரு குளத்து மீன்கள் செத்து மிதந்துவிட்டன.

பெட்டாலிங் ஜெயாவில் டயர் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். பெட்டிக்குள் ஓடும் நிரல்கள் என் பொறுப்பு. உடனே காரை எடுத்தேன்.

ஆன்டி என்னைத் திட்டவில்லை. செத்த மீன்களை வலையால் அள்ளிக்கொண்டே பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மடிக்கணினியை இணைத்து, பெட்டியை அணைத்துப் போட்டேன். கரெண்டு வந்ததும் எதை முதலில் எழுப்புவது, எதை அடுத்து எழுப்புவது என்று பெட்டிக்குச் சொல்வது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அது பாதியில், ஓர் அடைப்புக்குறி புரியாமல் நின்றுபோனது. ஸ்கிரிப்டைப் படித்து நடத்துவது ஷெல். அப்படிக் கூப்பிட்டால், பெட்டிக்குள் இருக்கும் எங்கள் பழைய மின்பலகையில், அதாவது போர்டில், ஓடி வந்தது பாஷ் என்ற ஷெல். இந்தப் பெட்டிக்குச் சப்ளையர் மாற்றி அனுப்பியிருந்த புதிய போர்டில் வந்தது அதைவிடச் சின்னதாக, குறைவாகவே தெரிந்த வேறொன்று. பெட்டியைப் பொருத்தப் போன எங்கள் ஆள், ஸ்கிரிப்ட் இல்லாமல் சக்கர நிரலை நேராகக் கையால் ஓட்டிக் காட்டிவிட்டு வந்திருந்ததால் அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

சரிசெய்யும்வரை கைச்சுவிட்சிலேயே ஓட்டச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பாஸ் எளிய வழி ஒன்று சொன்னார்.

"ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியா எழுதிடு லா. சீக்கிரம் முடிஞ்சிடும்."

"நாளைக்கு இன்னொரு போர்டு வந்தா, பாஸ்? ஒன்னுதான் எழுதப்போறேன். அது எல்லாத்துலயும் ஓடணும்."

அவர் முகம் சுளித்தாலும் அந்த வாரத்தை எனக்குக் கொடுத்தார். கிடைத்த போர்டுகளையெல்லாம் மேசையில் பரப்பினேன். ஒன்றில் ஓடாத வரி எதிலும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். பாஷ் தந்த வசதிகள் ஒவ்வொன்றாகப் போயின. அழகாக இரண்டே வரியில் இருந்தது எட்டு வரியானது. வலித்தது, ஆனாலும் விட்டேன். இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெட்டியில் இருக்கும் சிம் அட்டைக்குச் செல்போன் சிக்னல் கிடைக்கும்வரை ஸ்கிரிப்ட் சக்கரங்களைக் காக்க வைத்தது. மழையில் சிக்னலும் போனால்? சக்கரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தேன். பெட்டியின் சைரனை முதல் வரியிலேயே கத்தவிட்டு, சக்கரம் சுற்றிய பிறகே அடங்கும்படி எழுதினேன். நடுவில் எங்கே நின்றாலும் அது கத்திக்கொண்டே இருக்கும்.

மறுபடி ஜெஞ்சாரோம் போனேன். சிம் அட்டையைக் கழற்றிவிட்டு, மெயின் சுவிட்சை ஆன்டியையே அணைக்கச் சொன்னேன். குளம் அமைதியானது. திரும்பப் போட்டார். சைரன் கத்தி அடங்க, சக்கரங்கள் நீரை வாரி இறைத்தன. அவர் மறுபடி அணைத்தார், மறுபடி போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஓடலேன்னா எனக்கு எப்படித் தெரியும்மா?"

சக்கரத்துக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, இப்போது போடுங்கள் என்றேன். சைரன் நிற்கவே இல்லை. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து நாய்களெல்லாம் குரைத்தன. ஆன்டி காதைப் பொத்திக்கொண்டார்.

"சரி, போதும். வயரை மாட்டும்மா. இதுலயே ஓடட்டும்."

அடுத்த நாளிலிருந்து கிள்ளான் வரைக்கும் மற்றப் பண்ணைகளுக்குப் போனேன். எல்லாப் பெட்டியிலும் அந்த ஒரே ஸ்கிரிப்ட்தான். எந்தப் பண்ணையிலும் மெயினை அணைத்துப் போட்டுப் பார்க்காமல் நான் காரில் ஏறவில்லை.